போஸ்னியா: ஒதுங்கியிருந்தது யார்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போஸ்னியத் தலைநகர் சரயேவோவைச் செர்பியப் படை வளைத்த முற்றுகை பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். செர்பியப் படையைக் குற்றவாளியாகவும் போஸ்னிய அரசைப் பாதிக்கப்பட்ட தரப்பாகவும் எழுதியிருக்கிறீர்கள். நேட்டோ விமானங்கள் 1992-லேயே வந்திருக்க வேண்டும் என்ற தொனியும் அதில் தெரிகிறது. எனக்கு இது உறுத்துகிறது. உள்நாட்டுப் போர் என்பது அண்ணன் தம்பிச் சண்டை. அங்கே செர்பியர், குரோவாஷியர், போஸ்னிய முஸ்லிம்கள் என மூன்று தரப்பும் கொன்றன, மூன்று தரப்பும் முகாம்கள் நடத்தின. யார் நல்லவன், யார் கெட்டவன் என்று தீர்ப்புச் சொல்ல வெளியே இருப்பவனுக்கு என்ன உரிமை? மக்களைக் காப்பாற்றப் போகிறோம் என்று லிபியாவுக்குப் போனவர்கள் அந்த நாட்டை என்ன கதிக்கு ஆளாக்கினார்கள் என்று பார்த்துவிட்டோம். தலையிடாமல் ஒதுங்கியிருப்பதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

ச.,
ஈரோடு

அன்புள்ள ச.,

கடிதம் வந்து சில நாட்கள் ஆகின்றன. உடனே பதில் எழுத மனம் வரவில்லை, ஏனென்றால் அதிலுள்ள கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஒதுங்கியிருப்பது என்கிறீர்களே, போஸ்னியாவில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

1991 செப்டம்பர் 25 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை யூகோஸ்லாவியா முழுமைக்கும் ஆயுதத் தடை விதித்தது. போஸ்னியா அப்போது தனிநாடு இல்லை, யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதி. அடுத்த ஆண்டு தனிநாடானபோது அந்தத் தடை அதன் தலையிலும் விழுந்தது. 1992 மே மாதம் யூகோஸ்லாவிய ராணுவம் போஸ்னியாவை விட்டு விலகுவதாக அறிவித்தது. ஆனால் அந்த மண்ணில் பிறந்த செர்பிய வீரர்களையும், டாங்கிகளையும் பீரங்கிகளையும் அங்கேயே விட்டுச் சென்றது. அதுதான் போஸ்னிய செர்பியத் தளபதி ராட்கோ மிலாடிச்சின் படையானது. எதிரே நின்றவர்களிடம் பெரும்பாலும் போலீஸ் துப்பாக்கிகளும் வேட்டைத் துப்பாக்கிகளும்தான் இருந்தன.

அண்ணன் தம்பிச் சண்டை என்றே வைத்துக்கொள்வோம். அண்ணன் கையில் அரிவாள் இருக்கிறது. தம்பி ஒரு கம்பைத் தேடி ஓடுகிறான். தெருக்காரர்கள் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, “இது உங்கள் குடும்ப விவகாரம், நாங்கள் தலையிட மாட்டோம்” என்கிறார்கள். அவர்களை ஒதுங்கியிருந்தவர்கள் என்று நீங்கள் சொல்வீர்களா?

போஸ்னிய அரசு அந்தத் தடையை நீக்கச் சொல்லித் திரும்பத் திரும்ப மன்றாடியது. 1993 ஜூன் 29 அன்று அது பாதுகாப்பு அவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆறு நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஒரு நாடுகூட வாக்களிக்கவில்லை. மீதி ஒன்பது நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. தீர்மானம் தோற்றது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சரயேவோ விமான நிலையத்தைப் பற்றிக் கட்டுரையில் எழுத இடம் இல்லாமல் போயிற்று. 1992 ஜூன் இறுதியில் அது ஐ.நா. படையின் கைக்கு வந்தது. எந்தத் தரப்பும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது செர்பியர்களோடு செய்த ஒப்பந்தம். நகரத்தைச் சுற்றியிருந்த முற்றுகை வளையத்தில் திறந்திருந்த ஒரே இடைவெளி அந்த ஓடுபாதைதான். மக்கள் இரவில் அதன் குறுக்கே ஓடினார்கள். ஐ.நா. வீரர்கள் அவர்கள் மீது விளக்கொளியைப் பாய்ச்சித் திருப்பி அனுப்பினார்கள். அந்த வெளிச்சம் செர்பியத் துப்பாக்கிகளுக்கும் போதுமானதாக இருந்தது. பிறகுதான் ஓடுபாதைக்கு அடியில், முற்றுகைக்குள் இருந்த டோப்ரின்யாவிலிருந்து வெளியே இருந்த புட்மிர் வரை, சுமார் 800 மீட்டருக்குச் சுரங்கம் தோண்டினார்கள். நிமிர்ந்து நடக்க முடியாத உயரம். காலடியில் தண்ணீர். அரிசியும் மருந்தும் தோட்டாவும் அதன் வழியாகத்தான் நகரத்துக்குள் வந்தன. மேலே ஓடுபாதையில் நின்ற ஐ.நா. வீரர்கள் தங்களை நடுநிலையாளர்கள் என்றே நம்பினார்கள். அவர்களில் பலர் நல்ல மனிதர்களும்கூட. அந்த ஐ.நா. படையின் முதல் தளபதியே நம் ராணுவத்தின் சதீஷ் நம்பியார்தான். தவறு வீரர்களுடையது அல்ல, அவர்களை அங்கே நிறுத்திய ஆணையுடையது.

மூன்று தரப்பும் கொன்றன என்கிறீர்கள். உண்மை. செலெபிச்சியில் போஸ்னிய அரசுத் தரப்பு நடத்திய முகாமில் செர்பியக் கைதிகள் சித்திரவதைக்கு உள்ளாகிச் செத்தார்கள். அஹ்மிச்சி என்ற கிராமத்தில் 1993 ஏப்ரலில் போஸ்னியக் குரோவாஷியப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றார்கள். ஹேக் நகரில் இருந்த ஐ.நா. போர்க்குற்றத் தீர்ப்பாயம் இவற்றுக்கெல்லாம் ஆட்களைக் கூண்டில் ஏற்றித் தண்டித்தது. அதே தீர்ப்பாயம் கிழக்கு போஸ்னிய ஊரான ஸ்ரெப்ரெனிட்சாவில் செர்பியப் படை செய்ததை மட்டும் இனப்படுகொலை என்றது. எல்லாக் குற்றங்களையும் பார்த்தவர்கள்தான் எடைபோட்டுச் சொன்னார்கள். எல்லோரும் கொன்றார்கள் என்று நீங்கள் சொல்லும்போது எடைபோடும் வேலையே நின்றுபோகிறது. எனக்கு வருத்தம் அதில்தான்.

ஸ்ரெப்ரெனிட்சாவை 1993 ஏப்ரலில் ஐ.நா. ‘பாதுகாப்புப் பகுதி’ என்று அறிவித்தது. அதை நம்பித்தான் ஊரைக் காத்தவர்கள் தங்கள் கனரக ஆயுதங்களில் பலவற்றை ஒப்படைத்தார்கள். 1995 ஜூலை 11 அன்று ஊர் மிலாடிச்சின் படையிடம் விழுந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் பையன்களும் கொல்லப்பட்டார்கள். பக்கத்திலுள்ள பொடோச்சாரியில், ஐ.நா. சார்பில் காவல் நின்ற டச்சுப் (நெதர்லாந்து) படையின் தளத்துக்குள்ளேயே தஞ்சம் புகுந்திருந்த சுமார் 350 ஆண்களை அந்தப் படை வெளியே அனுப்பிவிட்டது. 2019-ல் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம், அவர்கள் சாவுக்கு அரசு பத்து சதவீதம் பொறுப்பு என்றது. உள்ளேயே இருந்திருந்தால் பிழைக்கப் பத்து சதவீத வாய்ப்பு இருந்திருக்கும் என்பது கணக்கு. பிறகு கொலையாளிகள் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். அதனால் ஒரே மனிதனின் எலும்புகள் இரண்டு மூன்று இடங்களில் கிடைத்தன. கிடைத்த எலும்பை மட்டும் அடக்கம் செய்வதா, மீதிக்குக் காத்திருப்பதா என்று தாய்மார்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று அங்கே அடக்கம் நடக்கிறது.

லிபியா விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2011 மார்ச்சில் வந்த தீர்மானம் குடிமக்களைக் காக்க வேண்டும் என்றது. விமானங்களோ கடாபியின் ஆட்சி கவிழும்வரை ஓயவில்லை. அதற்குப் பிறகு அந்த மக்களைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. இந்தியா அந்தத் தீர்மானத்தில் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் விலகியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். போஸ்னியாவிலும் காப்பாற்ற வந்தவர்களின் கை சுத்தமாக இல்லை. 1995 ஆகஸ்டில் குரோவாஷிய நாட்டு ராணுவம் தன் எல்லைக்குள் செர்பியர் வாழ்ந்த கிராயினா பகுதியிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியர்களை ஓடச் செய்தது. வல்லரசுகள் அதைக் கண்டும் காணாமல் இருந்தன, அந்தப் படை தங்களுக்கு உதவும் என்பதால். அந்த மாதக் கடைசியில் சரயேவோவின் மார்க்கலே சந்தையில் குண்டு விழுந்து 43 பேர் செத்த பிறகு நேட்டோ செர்பியப் படை மீது குண்டு வீசியது. மூன்றே வாரத்தில் முற்றுகைக்காரர்கள் இறங்கிவந்தார்கள். நவம்பரில் போரை முடித்த டேட்டன் உடன்பாடு. அந்த உடன்பாட்டின்படி ஸ்ரெப்ரெனிட்சா, போஸ்னியாவுக்குள்ளேயே செர்பியர்கள் ஆளும் ‘செர்பியக் குடியரசு’ என்ற பகுதிக்குள் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

விமானங்கள் 1992-லேயே வந்திருக்க வேண்டும் என்ற தொனி என் கட்டுரையில் இருந்தால் அது என் பிழை, திருத்திவிடுகிறேன். நான் சொல்ல நினைத்தது இதுதான்: அந்தத் தடையை 1992-லேயே நீக்கியிருக்க வேண்டும். நீக்க மனமில்லை என்றால், ‘பாதுகாப்புப் பகுதி’ என்ற வாக்கை யாருக்கும் கொடுத்திருக்கக் கூடாது. கிராயினாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டதும் தவறு. அடுத்த வாரம் அதைத் தனியாக எழுதுகிறேன். வாசித்துவிட்டு எழுதுங்கள்.