பாடிகார்டை அனுப்பியது நன்றிகெட்டத்தனமா?

கேள்வி: 11 சீசன் உழைத்த ஜேசன் பீட்டர்ஸை வயதாகிவிட்டது என்று 2020-இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்கிற அமெரிக்க ஃபுட்பால் அணி கழற்றிவிட்டதே, இது நன்றிகெட்டத்தனம் இல்லையா? இளைஞர்களுக்கு வாய்ப்பு என்று சொல்லியே மூத்தவர்களை எல்லா இடத்திலும் ஒதுக்குகிறார்கள். (நியூ ஜெர்சி வாசகர் ஒருவர்)

பதில்: அனுப்பியதில் எந்தத் தவறும் இல்லைங்க. நான்கே மாதத்தில் திரும்பக் கூப்பிட்டார்களே, எனக்குக் கோபம் அதில்தான்.

பீட்டர்ஸ் மேல் உங்களுக்கு இருக்கிற மரியாதை எனக்கும் உண்டு. 2004 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கிற நிகழ்வு) ஒரு அணியும் எடுக்காத ஆள், பஃபலோ அணியில் பந்தைப் பிடிக்கவும் செய்கிற டைட் எண்டாக நுழைந்து, லெஃப்ட் டாக்கிளாக மாறி, ஒன்பது முறை புரோ பௌல் என்கிற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். அமெரிக்க ஃபுட்பால் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், வலக்கையால் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்குக்கு இடது பக்கம் முதுகுப் பக்கமாகிவிடும், அங்கிருந்து பாய்ந்து வருகிறவனை அவரால் பார்க்கவே முடியாது, அவனைத் தடுத்து நிறுத்துவதுதான் லெஃப்ட் டாக்கிளின் வேலை. பந்து கைக்கு வராது, ஸ்கோரில் பேர் வராது, கோட்டைவிட்டால் மட்டும் ஊரே பார்க்கும். அந்த வேலையை அவர் செய்த விதத்தைப் பார்த்து 'பாடிகார்ட்' என்றே பேர் வைத்தார்கள். 2012-இல் குதிகால் நாண் இரண்டு தடவை அறுந்து ஒரு சீசன் முழுக்கப் போய், அடுத்த வருஷமே லீக்கின் மிகச் சிறந்தவர்கள் பட்டியலான ஆல்-புரோ முதல் அணியில் வந்து நின்றார்.

அப்புறம் 2017 அக்டோபரில் முழங்கால் போனது. அந்த சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை அவர் களத்தில் இல்லாமலேயே ஜெயித்தார்கள். சம்பள உச்சவரம்பு உள்ள லீக் அது, 2020-இல் ஓர் அணிக்கு 19.82 கோடி டாலர், அதற்குள் மொத்தப் பேருக்கும் பங்கிட வேண்டும். 2019 டிராஃப்டில் முதல் சுற்றிலேயே லெஃப்ட் டாக்கிள் ஆண்ட்ரே டில்லார்டை எடுத்து வைத்திருந்த அணி, 38 வயதானவரை மார்ச்சில் போகவிட்டது. சரியான முடிவு.

ஜூனில் கார்டு (டாக்கிளுக்கு அடுத்து உள்பக்கம் நிற்கிற தடுப்பாளர்) பிராண்டன் புரூக்ஸுக்குக் குதிகால் நாண் அறுந்ததும் பயந்துவிட்டார்கள். ஜூலையில் பீட்டர்ஸைக் கூப்பிட்டு, இத்தனை வருஷம் டாக்கிளாக ஆடியவரை ரைட் கார்டாக நிற்கச் சொன்னார்கள். ஆகஸ்டில் டில்லார்டுக்குக் கைத்தசை கிழிந்தது, பீட்டர்ஸின் ஒப்பந்தத்தைத் திருத்தி அவரை மறுபடி லெஃப்ட் டாக்கிளாக்கினார்கள். இத்தனை நடக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? ஜோர்டன் மைலட்டா. சிட்னிக்காரர், ரக்பி லீக் ஆடியவர், 2018-இல் கடைசிச் சுற்றில் எடுக்கப்படும்வரை இந்த ஆட்டத்தில் ஒரு மேட்ச்கூட ஆடாதவர், முதல் இரண்டு சீசனும் முதுகு வலியால் போயிற்று. தடுப்பு வரிசையின் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டௌட்லண்ட் அவருக்கு அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்து வந்தார். பீட்டர்ஸுக்குக் கால்விரலில் அடிபட்ட பிறகுதான் அவருக்கு இடமே கிடைத்தது. பீட்டர்ஸ் குணமாகி வந்ததும் மறுபடி அவரையே அங்கே நிறுத்தினார்கள். கடைசியில் நவம்பரில் அவர் கார்டுக்கு நகர்ந்தார், டிசம்பரில் கால்விரலுக்கு அறுவை சிகிச்சை, அத்தோடு சீசன் முடிந்தது. அணி ஜெயித்தது வெறும் 4 ஆட்டம். குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் 50 தடவை கீழே தள்ளப்பட்டார். அத்தனைக்கும் பீட்டர்ஸ் காரணம் என்று சொல்ல மாட்டேன், அது அநியாயம்.

நீங்கள் சொல்கிற நன்றிக்கடனைப் போட்டியின் நடுவே தீர்க்க முடியாது. அங்கே ஒரு நொடி தாமதித்தால் இன்னொருத்தனின் முழங்கால் போகும். அதற்காக 38 வயதில் ஆளே முடிந்துபோனார் என்றும் நான் சொல்லவில்லை. சிகாகோ, டல்லாஸ், சியாட்டில் என்று 41 வயதுவரை ஆடினார். சிகாகோ கதையைக் கேளுங்கள், புதிதாக எடுத்த டெவன் ஜென்கின்ஸை நம்பி, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த சார்லஸ் லீனோவை அனுப்பினார்கள், ஜென்கின்ஸுக்கு முதுகில் பிரச்சினை என்றதும் 39 வயது பீட்டர்ஸிடம் ஓடினார்கள். அவர்கள் நம்பியிருந்தது ஒரே ஒரு இளைஞனை. ஈகிள்ஸிடம் டில்லார்ட், மைலட்டா என்று இரண்டு பேர் இருந்தார்கள், விலை குறைந்த மைலட்டாவை நம்பத்தான் மனசு வரவில்லை. அடுத்த வருஷம் டில்லார்டை முந்தி இடத்தைப் பிடித்த மைலட்டாதான், 2025 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டியை 40-22 என்று வென்ற சூப்பர் பௌலில் லெஃப்ட் டாக்கிள்.

2019-இல் பீட்டர்ஸ் 13 ஆட்டங்களில் தொடங்கினார், அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. மார்ச் முடிவில் உறுதியாக நின்றிருந்தால் ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுவாக இருந்திருக்கும். கொரோனாவால் ஆளில்லாமல் கிடந்த மைதானத்தில், கால்விரல் வலியோடு, தன் இடத்தை விட்டுக் கார்டாக நின்றதாக இருந்திருக்காது.