முதுகில் அடிபட்டு ஓய்வில் இருக்கும்போது வீடியோ கேம் விளையாடலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. ஒரு மாதத்துக்கு முன் கனமான பெட்டியைத் தூக்கியபோது முதுகு பிடித்துக்கொண்டது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கீழ்முதுகில் எல்-4, எல்-5 எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை தேவையில்லை, மாத்திரையும் ஓய்வும் போதும் என்றார் மருத்துவர். இடது காலில் இறங்கும் வலி முன்பைவிடக் குறைந்திருக்கிறது. பொழுதுபோகாமல் பழைய கேம் கன்சோலை எடுத்தேன். இப்போது நாளுக்கு 6, 7 மணி நேரம் அதிலேயே போகிறது. விளையாடும்போது வலியே தெரிவதில்லை. ஆனால் எழுந்தால் சில நேரம் நிமிர முடிவதில்லை. கேமை விட்டுவிடச் சொல்கிறார்கள் வீட்டில். விட வேண்டுமா? படுத்துக்கொண்டு விளையாடலாமா?

பதில்: விட வேண்டாம். விளையாடும் விதத்தை மாற்றினால் போதும்.

விளையாடும்போது வலி தெரியவில்லை என்கிறீர்களே, அது உங்கள் கற்பனை அல்ல. வலியை உணர மூளையின் கவனமும் வேண்டும். கவனம் வேறெங்கோ முழுசாகப் போய்விட்டால் வலி மங்கும். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது வரும் கொடிய வலியைத் தணிக்க, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ‘ஸ்னோ வேர்ல்ட்’ என்ற மெய்நிகர் கேமையே உருவாக்கினார்கள். நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் பறந்தபடி பனியுருண்டை எறிந்துகொண்டிருப்பார், இங்கே கட்டு மாறிக்கொண்டிருக்கும். வலி கணிசமாகக் குறைந்தது. அதனால் கேம் விளையாடுவதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். மாதக்கணக்கில் வலியோடு சும்மா கிடந்து மனம் சோர்ந்துபோவதும் முதுகு குணமாவதைத் தாமதப்படுத்தும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டு மாற்றுவது சிறிது நேர வேலை. நீங்களோ மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சாதாரணமாக நாம் உட்காரும்போது நம்மை அறியாமலே நெளிவோம், சாய்வோம், காலை மாற்றிப் போடுவோம். ஒரே நிலையில் இருந்தால் வரும் சின்ன வலிதான் அப்படி அசைய வைக்கிறது. கேமில் மூழ்கும்போது அந்த நினைவூட்டல் காதில் விழுவதில்லை. திரையை நோக்கிக் குனிந்தபடி அப்படியே உறைந்துவிடுகிறீர்கள். குனிந்து உட்கார்ந்தால் டிஸ்க்கின் மேல் அழுத்தம், நிற்கும்போது இருப்பதைவிட அதிகம். போதாததற்கு முதுகெலும்பைப் பிடித்திருக்கும் தசைநார்கள் மெல்ல இழுபட்டுத் தளர்கின்றன. எழுந்த உடனே அவை பழைய நிலைக்கு வந்துவிடாது. நீங்கள் நிமிர முடியாமல் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எழுந்த முதல் சில நிமிடங்களில் கீழே கிடக்கும் சார்ஜரைக் குனிந்து எடுப்பது போன்ற வேலைகள் கூடவே கூடாது.

அதனால் என்ன கேம் என்பதும் முக்கியம். நடுவில் நிறுத்தக்கூடிய கேமாகத் தேர்ந்தெடுங்கள். ஆன்லைன் மேட்சில் பாதியில் எழுந்தால் கூட ஆடுபவர்கள் திட்டுவார்கள். அந்த வசவுக்குப் பயந்தே முதுகைப் பலி கொடுப்பவர்கள் உண்டு. கார் பந்தயம், துப்பாக்கிச் சண்டை போன்றவற்றில் தோளும் வயிறும் இறுகும், மூச்சை அடக்கிக்கொண்டு முன்னால் சாய்வோம். சதுரங்கம், புதிர், முறை வைத்து ஆடும் வியூக விளையாட்டுகள் இப்போதைக்கு நல்லது. எழுந்து நின்று உடம்பைத் திருப்பி ஆடும் கேம்களும் தலையில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட்டும் இப்போது வேண்டவே வேண்டாம். திரைக்குள் ஏதாவது பாய்ந்து வந்தால் யோசிக்காமல் இடுப்பைத் திருப்பிவிடுவீர்கள்.

20 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து, இரண்டு மூன்று நிமிடம் வீட்டுக்குள் நடங்கள். அலாரத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்காதீர்கள், அறையின் மறுபக்கம் வையுங்கள். கையெட்டும் தூரத்தில் இருந்தால் அணைத்துவிட்டு ‘இந்த லெவல் மட்டும்’ என்பீர்கள், எனக்குத் தெரியும்.

அடுத்தது, படுத்துக்கொண்டு விளையாடுவது. தாராளமாகச் செய்யலாம், மல்லாந்து படுக்கும்போது டிஸ்க்கின் மேல் அழுத்தம் மிகக் குறைவு. முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் தலையணையை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வையுங்கள். மோசமானது, கட்டிலில் தலையணைகளை அடுக்கி அரைகுறையாகச் சாய்ந்திருக்கும் நிலை. வசதியாகத்தான் இருக்கும், ஆனால் கீழ்முதுகு வில்லாக வளைந்துவிடும். சோபாவில் சரிந்து உட்கார்வதும் இதே கதைதான்.

குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி விளையாடுவது டிஸ்க் பிரச்சினை உள்ள சிலருக்கு நன்றாகவே ஒத்துவரும். இதில் உங்கள் கால்தான் வழிகாட்டி. காலில் இருந்த வலி மேலேறி இடுப்புப் பக்கம் ஒடுங்கினால் அந்த நிலை உங்களுக்கு ஏற்றது, இடுப்பில் கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் பரவாயில்லை. வலி கீழே, பாதம் வரை இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். எந்த நிலையில் விளையாடினாலும் இந்தக் கணக்கு பொருந்தும்.

நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு வளைவில் சுருட்டிய துண்டு, தரையில் பதிந்த பாதம், கண் மட்டத்தில் திரை, மடியில் தலையணை வைத்து அதன் மேல் கன்ட்ரோலர். விலை உயர்ந்த கேமிங் நாற்காலி தேவையில்லை.

‘ஓய்வு’ என்று உங்கள் மருத்துவர் சொன்னதை, அசையாமல் இருப்பது என்று எடுத்துக்கொண்டீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. முதுகுவலிக்கு 2 நாள் படுக்கை ஓய்வையும் 7 நாள் ஓய்வையும் ஒப்பிட்ட ஆய்வு 1986-லேயே வந்துவிட்டது. கூடுதலாகப் படுத்திருந்ததால் பலன் ஒன்றுமில்லை. 2 நாள் ஓய்வெடுத்தவர்கள்தான் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். பிதுங்கிய டிஸ்க்கால் வரும் வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், தானாகவே அடங்கும். அதுவரை கனம் தூக்காமல், குனியாமல் இருப்பதுதான் ஓய்வு. காலையிலும் மாலையிலும் 10 நிமிட நடையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பிசியோதெரபிஸ்ட்டை இன்னும் பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பாருங்கள். கேம் விளையாடும் மொத்த நேரத்தையும் பாதியாகக் குறையுங்கள், இரவில் தூக்கத்தைத் திருடவும் விடாதீர்கள்.

சில அறிகுறிகள் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. சிறுநீர் கழிப்பதில் சிரமம், சிறுநீரோ மலமோ தெரியாமல் வெளியேறுவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலவீனமாவது — இவற்றில் எது வந்தாலும், நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பாதத்தைத் தூக்க முடியாமல் இழுபட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் அது சியாட்டிகா, அதாவது டிஸ்க்கால் காலில் இறங்கும் நரம்பு வலி என்று விட்டுவிடாதீர்கள். நெடுநேரம் அசையாமல் இருந்ததால் ரத்தம் உறைந்திருக்கலாம்.

அப்புறம், அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் போகும்போது நாளுக்கு எத்தனை மணி நேரம் விளையாடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வலி முழுசாகக் குறையாததற்கு டிஸ்க்தான் காரணம் என்று நினைத்து அவர் மாத்திரையைக் கூட்டிவிடக்கூடும்.