தோள்பட்டை இறுகிப்போனால் ஊசியா, உருவிவிடுவதா?

கேள்வி: எனக்கு வயது 52. கொருக்குப்பேட்டையில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை வைத்திருக்கிறேன். 8 வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. 4 மாதமாக வலது தோளில் வலி. கொண்டை போட முடியவில்லை, அடிபம்பு அடிக்க முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் திரும்பினால் விழிப்பு வந்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். டாக்டர் தோளில் ஊசி போடலாம் என்கிறார். சர்க்கரை ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எண்ணெய் தேய்த்து உருவி இழுத்துவிட்டால் சரியாகும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஃப்ரோசன் ஷோல்டர் எனப்படும் தோள்மூட்டு இறுக்கத்துக்குப் பொருந்துகின்றன. 40 முதல் 60 வயதுக்குள், அதிலும் பெண்களுக்கு, அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வரும். தோள்மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. கை மேலே போவதற்கு இடம் கொடுக்கும் வகையில் அக்குள் பக்கம் அது தளர்வாக மடிந்திருக்கும். அந்த உறையில் அழற்சி ஏற்பட்டு, பின் அது தடித்துச் சுருங்கிவிடுவதுதான் இந்த நோய். துவைத்துச் சுருங்கிய ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்குமே, அதே பிடிப்பு மூட்டுக்குள் நடக்கிறது. சுருங்குவது எலும்பு அல்ல என்பதால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் மூட்டுத் தேய்மானமோ சுண்ணாம்புப் படிவோ இல்லை என்று உறுதிசெய்ய அந்தப் படம் தேவைதான்.

வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி மடித்து, முன்கைகளை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். இடது கை நன்றாக விலகி, வலது கை பாதியிலேயே நின்றுவிட்டால், அதுவும் இன்னொருவர் மெதுவாகத் திருப்பிப் பார்த்தாலும் நகராவிட்டால், இறுக்கம் மூட்டுறையில் இருக்கிறது என்று பொருள். தசைநார் கிழிந்தவருக்குப் பெரும்பாலும் தானாகக் கையைத் தூக்க முடியாதே தவிர, பிறர் தூக்கினால் கை போகும்.

இந்த நோய் முதலில் வலி கூடும் கட்டம், அடுத்து வலி குறைந்து இறுக்கம் நிற்கும் கட்டம், பிறகு மெல்லத் தளரும் கட்டம் என்று நகர்கிறது. மொத்தமாக 1 முதல் 3 ஆண்டுகள் ஆகலாம். சர்க்கரை நோயாளிகளுக்குத் தாமதமாகும், சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் தங்கியும் விடும். இரவில் விழிப்பு வருவதைப் பார்த்தால் நீங்கள் இன்னும் முதல் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். உங்கள் முடிவு இதைப் பொறுத்தே இருக்க வேண்டும்.

வலி உச்சத்தில் இருக்கும்போது இழுத்துவிடுவது அழற்சியைக் கிளறும். பலமாக இழுத்தால் மேற்கை எலும்பு முறியவும் கூடும். நெதர்லாந்தில் 77 பேரை 2 ஆண்டுகள் கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், வலிக்கு உட்பட்டு மென்மையாக அசைத்துவந்தவர்களில் 89 சதவீதத்தினருக்குத் தோள் கிட்டத்தட்ட முழுமையாக இயங்கியது; வலியை மீறி முறுக்கிப் பயிற்சி செய்தவர்களில் 63 சதவீதத்தினருக்கு மட்டுமே அப்படி இயங்கியது. எனவே உருவி இழுப்பதை வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வேன். கட்டுப் போட்டுத் தொங்கவிட்டு ஓய்வெடுப்பதும் தவறு, அசையாத மூட்டு இன்னும் இறுகும்.

ஊசியைப் பொறுத்தவரை, மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி இந்த முதல் கட்டத்தில்தான் நன்றாகப் பயன் தரும். தாமதித்துப் போட்டால் பலன் குறையும். சர்க்கரை சில நாட்கள் ஏறும் என்பது உண்மை. ஆகவே ஊசிக்கு முன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பரிசோதித்து, சர்க்கரை மருத்துவரிடமும் சொல்லிவிட்டு, ஊசிக்குப் பின் ஒரு வாரம் வீட்டில் அளந்துவாருங்கள். மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம். சர்க்கரை ஏற்கெனவே மிக உயர்ந்திருந்தால், முதலில் அதைக் குறைத்துவிட்டே ஊசி. உங்கள் நிலையில் இருப்பவருக்கு, இவ்வளவு எச்சரிக்கையோடு, நான் ஊசியைத்தான் பரிந்துரைப்பேன்.

வலி தணிந்ததும் பயிற்சிதான் பெரிய மருந்து. மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தளரத் தொங்கவிட்டு, உடம்பை லேசாக ஆட்டினால் கை சிறு வட்டமாகச் சுழலும்; கை தானாகச் சுழல வேண்டும், நீங்கள் சுழற்றக் கூடாது. அடுத்து, மல்லாந்து படுத்து, வலது முழங்கைக்குக் கீழ் மடித்த துணி வைத்து, இரு கைகளிலும் இரண்டு முழக் குச்சி ஒன்றைப் பிடித்து, இடது கையால் தள்ளி வலது முன்கையை வெளிப்பக்கம் சாய்த்து 15 முதல் 20 நொடிகள் நிறுத்துங்கள். முதலில் நின்றுபோகும் அசைவு இதுதான் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள். மூன்றாவதாக, சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களைச் சுவரில் மெல்ல மேலே நகர்த்துங்கள். அப்போது தோள்பட்டை முழுவதும் காதுப்பக்கம் எழும்பினால் மூட்டு அசையவில்லை, நீங்கள் தோளைத் தூக்குகிறீர்கள். அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். தினம் மூன்று முறை, ஒவ்வொன்றும் சில நிமிடம் போதும். முன்னதாக வெந்நீர் ஒத்தடம் உதவும். சர்க்கரையால் சூடு சரியாக உறைக்காமல் போகலாம் என்பதால், நன்றாக உணரும் தோலில் வைத்துப் பார்த்துவிட்டே ஒத்துங்கள். பயிற்சிக்குப் பின் வரும் வலி அரை மணி நேரத்தில் தணியாவிட்டால், மறுநாள் அளவைக் குறையுங்கள்.

கடையில் மாவுப் பாத்திரத்தை மார்பு உயரத்துக்குக் கீழே வையுங்கள். இரவில் இடப்பக்கம் படுத்து ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். ரவிக்கை போடும்போது வலிக்கிற கையை முதலில் நுழையுங்கள்.

ஆறு மாதம் இப்படிச் செய்தும் முன்னேற்றம் இல்லாதவர்களுக்கு மட்டுமே மயக்கமருந்து கொடுத்து அசைப்பதையும் நுண்துளை அறுவையையும் யோசிக்க வேண்டும். பிரிட்டனில் 503 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஊசியோடு கூடிய பயிற்சியையும் இவ்விரண்டையும் ஒப்பிட்டபோது ஓராண்டு முடிவில் பெரிய வேறுபாடு இல்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவில் காட்டினால், ஃபிசியோதெரபிக்கும் அங்கேயே அனுப்புவார்கள்.

தோள்வலியோடு மார்பு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் தாமதிக்காமல் 108க்கு அழைக்க வேண்டும். தோள் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, கீழே விழுந்த பிறகு வலி தொடங்கியிருந்தாலோ, அது வேறு நோய்; அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.