சுருட்டை முடியை விடுவதா, நேராக்குவதா?

ஆவணிக் கல்யாணங்கள் நெருங்குகின்றன போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தலைமுடியைப் பற்றியவை. அதனால் குளிர்சாதனப் பெட்டி, மிக்ஸி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு இடுப்பு வரைக்கும் அடர்த்தியான சுருட்டை முடி. உப்புவெளியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் திருகோணமலை டவுனுக்கு வேலைக்குப் போகிறேன். ஹெல்மெட்டைக் கழற்றினால் தலையைப் பார்க்க முடியாது. ஆவணியில் எனக்குக் கல்யாணம். ஒரு பார்லரில் 'ரிலாக்சிங்' 18,000 ரூபா என்கிறார்கள், இன்னொன்றில் 'பெர்மனன்ட் ஸ்ட்ரெய்ட்னிங்' 30,000. பெர்மனன்ட் என்றால் திரும்பச் செய்யத் தேவையில்லையா? அம்மா முடியில் கை வைக்கவே கூடாது என்கிறார். என்ன செய்யட்டும் அக்கா?

தங்கச்சி, முதலில் அந்தப் 'பெர்மனன்ட்' விஷயத்தைப் பார்ப்போம். மருந்து போட்டு நேராக்கிய முடி நேராகத்தான் இருக்கும், அதில் பொய்யில்லை. ஆனால் வேரிலிருந்து புதிதாக வருவது உங்கள் பழைய சுருட்டைதான். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். ஆறு மாதத்தில் உச்சியில் ஆறு ஏழு சென்ரிமீற்றர் சுருளும் அதற்குக் கீழே நேருமாக நிற்கும். இரண்டும் சேருகிற இடம்தான் பலவீனமான இடம், சீப்பு இழுக்கும்போது அங்கேதான் அறும். அதனால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது வேருக்கு மட்டும் மருந்து போட வேண்டிவரும். 18,000 என்பது ஒருநாள் செலவு இல்லை. வேருக்கு மட்டும் போடுவதற்கு எவ்வளவு எடுப்பீர்கள் என்று இப்போதே கேட்டு, எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைப் பார்லரில் அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது பெயர். ரிலாக்சிங், ரீபொண்டிங், ஸ்மூதனிங் என்று பலகையில் எதையும் எழுதலாம். நீங்கள் கேட்க வேண்டியது, 'என்ன மருந்து போடுகிறீர்கள், டப்பாவைக் காட்டுங்கள்' என்பதைத்தான். முடி என்பது பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். அதற்குள் இரண்டு விதமான பிணைப்புகள் முக்கியம். ஒன்று ஐதரசன் பிணைப்பு, ஈரம் பட்டாலே இளகிவிடும். காலையில் அயன் பண்ணிக்கொண்டு கிளம்பிய முடி கடற்காற்றில் பத்து மணிக்குள் சுருண்டு விடுவது இதனால்தான். மற்றது கந்தகப் பிணைப்பு. அதைத் தண்ணீரோ சூடோ அசைக்காது, மருந்துதான் உடைக்கும். ரீபொண்டிங்கில் போடுவது தயோகிளைக்கொலேற் கிரீம். அது கந்தகப் பிணைப்பை உடைக்கிறது, சூடான அயன் முடியை நேராக வைக்கிறது, கடைசியாகப் போடும் ஐதரசன் பெரொக்சைட்டு அந்த நேர் வடிவிலேயே பிணைப்பைத் திரும்பக் கட்டுகிறது. அந்தக் கடைசி மருந்தை அவசரத்தில் பாதி நேரத்திலேயே கழுவினால் பிணைப்பு அரைகுறையாக நிற்கும், முடி நொறுங்கும். நீளமான அடர்ந்த முடிக்கு எல்லாம் சேர்த்து நாலைந்து மணித்தியாலம் பிடிக்கும். 'ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்துத் தருகிறோம்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிநாடுகளில் ரிலாக்சர் என்று சொல்லும்போது பெரும்பாலும் அர்த்தமாவது வேறொன்று. சோடியம் ஐதரொட்சைட்டு போன்ற கடும் காரம். இதைப் பற்றி அடுத்த கேள்வியில் வருகிறேன். இப்போதைக்கு ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒன்றைப் போட்ட முடியில் மற்றதைப் போடவே கூடாது. போட்டால் முடி கையோடு வரும்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். கல்யாணத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். அம்மா சொல்கிறார் என்பதற்காக இல்லை. மணப்பெண்ணுக்குக் கொண்டை போட்டு, சடை பின்னி, சவரி வைத்து, பூச்சரம் குத்தப்போகிறார்கள். புதிதாக நேராக்கிய முடியில் கிளிப் நிற்காது, வழுக்கிக்கொண்டு வரும். அதற்காக அலங்காரம் செய்பவரே சூடு வைத்து அங்கங்கே சுருட்டத் தொடங்குவார். 18,000 கொடுத்து நேராக்கி, அதைத் திரும்பச் சுருட்டவும் காசு கொடுப்பதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. உங்கள் சுருட்டை அன்றைக்கு உங்களுக்கு உதவி.

தினமும் காலையில் சீப்போடு சண்டை பிடித்துக் களைத்துவிட்டேன் என்றால் அது வேறு விஷயம். அதற்கும் முதலில் மலிவான வழியைப் பாருங்கள். சுருட்டை முடி வெட்டத் தெரிந்த ஒருவரிடம் படிப்படியாக வெட்டுங்கள். இடுப்பு வரை ஒரே நீளமாக இருக்கும் சுருட்டை மேலே தட்டையாகவும் கீழே குடையாகவும்தான் விரியும். முழுகுவதற்கு முன் தேங்காயெண்ணெய் வையுங்கள். முடி இழக்கும் புரதத்தைத் தேங்காயெண்ணெய் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிக் குறைப்பதில்லை என்று 2003 இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியிருக்கிறது. கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். காய்ந்த பிறகு சீப்பைத் தொடாதீர்கள், சுருட்டை பஞ்சாகப் போவது அதில்தான். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் கடைசி இரண்டு வாளியைக் குழாய்த் தண்ணீரில் ஊற்றுங்கள். ஒரு நல்ல வெட்டும் ஒரு போத்தல் கண்டிஷனரும் வாங்கினாலும் அந்த 18,000 இல் பெரும்பகுதி உங்கள் கையில் மிஞ்சும்.

இரண்டு மூன்று மாதம் இப்படிப் பார்த்தும் மனம் நேர் முடியைத்தான் கேட்கிறது என்றால் செய்யுங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. பிடரியில் ஒரு முடியை நனைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு திரும்பச் சுருங்கினால் முடி நல்ல நிலையில் இருக்கிறது. நீண்டபடியே நின்றாலோ பட்டென்று அறுந்தாலோ எந்த மருந்தும் வேண்டாம். கறுப்பு மருதாணி, சாயம் ஏதும் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சில மருதாணிப் பொடிகளில் உலோக உப்புக் கலந்திருக்கும், அது பெரொக்சைட்டோடு சேர்ந்தால் முடி சூடேறிக் கருகும். நேராக்கிய பிறகு மூன்று நாள் தலை நனைக்கவும் கட்டவும் கூடாது என்பார்கள். சூடான கச்சான் காற்று வீசும் மாதத்தில் மூன்று நாள் வியர்வையோடு முழுகாமல் இருக்க முடியுமா என்று யோசியுங்கள். ஹெல்மெட்டையும்தான். அந்த மூன்று நாளில் ஹெல்மெட் அமுக்கிய இடத்தில் மடிப்பு விழுந்தால் அது அப்படியே நிற்கும். பஸ்ஸில் போங்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கும் மச்சாள் 'நோ-லை ரிலாக்சர்' என்று ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். வீட்டிலேயே போடலாம் என்று எழுதியிருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா? (பாலையூற்று வாசகி)

வேண்டாம். பெட்டியைத் திறந்தால் ஒரு கிரீமும் ஒரு சிறு போத்தலும் இருக்கும். கிரீமில் கல்சியம் ஐதரொட்சைட்டு, போத்தலில் குவானிடின் காபனேற்று. இரண்டையும் கலந்தால் குவானிடின் ஐதரொட்சைட்டு உண்டாகும். 'லை இல்லை' என்றால் சோடியம் ஐதரொட்சைட்டு இல்லை என்றுதான் அர்த்தம், காரம் இல்லை என்று அர்த்தமில்லை. இதுவும் தோலைச் சுடும். இது ஆபிரிக்க வம்சாவளியினரின் நெருங்கிச் சுருண்ட முடியை எண்ணிச் செய்யப்பட்ட பொருள். நம் முடியில் எத்தனை நிமிடம் வைப்பது என்று பெட்டிக்குத் தெரியாது. பிடரியைக் கண்ணாடியில் பார்க்காமல் நீங்களே பூசும்போது உங்களுக்கும் தெரியாது. போதாததற்கு, கல்சியம் முடியில் படிந்து வரட்சியாக்கும். நம் கிணற்றுத் தண்ணீரில் ஏற்கனவே இருக்கிற சுண்ணாம்பு போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2022 ஒக்ரோபரில் வெளியானது. முடி நேராக்கும் மருந்தை ஒருபோதும் போடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடியவர்கள் 1.64 சதவீதம் என்றும், வருடத்தில் நாலு தடவைக்கு மேல் போட்டவர்களில் 4.05 சதவீதம் என்றும் அது கணித்தது. மருந்துதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை, தொடர்பைத்தான் காட்டுகிறது. அங்கே இந்த மருந்தை அதிகம் பாவிப்பவர்கள் கறுப்பினப் பெண்கள், அதுவும் சின்ன வயதிலிருந்தே. வாழ்க்கையில் ஒரு தடவை ரீபொண்டிங் செய்தவர் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஆனால் மாதக் கணக்குப் பார்த்துப் போடுகிறவர் கவனிக்க வேண்டிய இலக்கம்தான் இது.

மச்சாளுக்கு நன்றி சொல்லுங்கள். அடுத்த முறை நல்ல கண்டிஷனர் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: முடியை நேராக்க 'கெரட்டின் ட்ரீட்மென்ட்' செய்யப் போனேன். அயன் வைக்கும்போது புகை வந்து கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. 'இது ஹேர்பல், ஃபோர்மலின் இல்லை' என்றார்கள். நம்பலாமா? (கிண்ணியா வாசகி)

உங்கள் கண் சொன்னதை நம்புங்கள். கெரட்டின் என்ற பெயரில் விற்கும் பல மருந்துகள் வேலை செய்வதே ஃபோர்மல்டிகைட்டால், அதைத் தண்ணீரில் கரைத்ததுதான் ஃபோர்மலின். 'ஃபோர்மல்டிகைட்டு இல்லை' என்று எழுதிவிட்டு மெதிலீன் கிளைக்கோல் என்று சின்ன எழுத்தில் போடுவார்கள். தண்ணீரில் கரைந்த ஃபோர்மல்டிகைட்டின் இன்னொரு பெயர்தான் அது. அயன் சூட்டில் வாயுவாக வெளியே வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே ஃபோர்மல்டிகைட்டைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் அழகுசாதனங்களில் இதைத் தடை செய்தது.

இப்போது அதற்குப் பதிலாகக் கிளையொக்சிலிக் அமிலம் போட்டு வருகிறது. அதிலும் முழு நிம்மதி இல்லை. இந்த அமிலம் கலந்த மருந்தால் முடி நேராக்கிய 26 வயதுப் பெண் ஒருவருக்கு, மூன்று தடவை செய்தபோதும் மூன்று தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024 இல் எழுதினார்கள். தலைத்தோலில் பட்டு உடம்புக்குள் போயிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

கெரட்டினில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. மூன்று நாலு மாதத்தில் மெல்ல மெல்லக் கழுவுப்பட்டுப் போய்விடும், வேர் வேறு நுனி வேறு என்று நிற்காது. ஆனால் உப்புத் தண்ணீருக்கு அது ஆகாது என்று பார்லரிலேயே சொல்வார்கள். நிலாவெளியில் வார இறுதிக்கு ஒரு குளிப்புப் போடுகிறவர்களுக்கு அந்த நாலு மாதமும் கிடைக்காது. அப்படியும் செய்வதென்றால் ஜன்னல் இருக்கிற இடத்தில் செய்யுங்கள், ஏசிக்காக எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டிய அறையில் வேண்டாம். வயிற்றில் பிள்ளை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உங்களுக்கு ஒருநாள் புகை, அங்கே வேலை செய்கிற பிள்ளைகளுக்குத் தினமும் புகை. அதையும் அந்த முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: மகளுக்கு 12 வயது. அடுத்த மாதம் சாமத்திய வீடு. படத்துக்கு நேர் முடி வேண்டும் என்று அழுகிறாள். (தம்பலகாமம் தாய்)

மருந்து வேண்டாம். இந்த வயதில் தலைத்தோல் மென்மை, அவளால் அத்தனை மணித்தியாலம் அசையாமல் இருக்கவும் முடியாது. எரிகிறது என்று சொல்லப் பயந்துகொண்டும் இருப்பாள். அன்றைக்கு மட்டும் அயன் பண்ணுங்கள். தலை நன்றாகக் காய்ந்த பிறகு, சூட்டைக் குறைத்து, சூட்டிலிருந்து காக்கும் கிரீம் பூசி. படம் எடுக்கிறவர் வந்த பிறகு செய்தால் மண்டபத்து வியர்வையில் கலையாது.

கேள்வி: ரீபொண்டிங் செய்து இரண்டாம் கிழமையே முடி காதளவில் உடைந்து விழுகிறது. காசைத் திரும்பக் கேட்டால் 'உங்கள் முடி அப்படி' என்கிறார்கள். பில் தரவில்லை. எங்கே போவது?

'உங்கள் முடி அப்படி' என்றால், அதைச் சோதிக்காமல் ஏன் மருந்து போட்டார்கள் என்பதுதான் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். உரிய கவனத்தோடும் திறமையோடும் சேவை தர வேண்டும் என்பது அதிலுள்ள கடப்பாடு. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். மாவட்டச் செயலகத்தில் அதிகார சபையின் அலுவலகத்தைக் கேளுங்கள், அல்லது 1977 இற்கு அழையுங்கள்.

பில் இல்லையென்று சும்மா இருந்துவிடாதீர்கள். நாள் குறித்து எடுத்த வாட்ஸப் செய்தி, வங்கி மூலம் கட்டியிருந்தால் அந்தப் பதிவு, செய்த அன்று எடுத்த படம், இப்போது உடைந்திருக்கும் முடியின் படம் எல்லாவற்றையும் சேருங்கள். உடைந்த முடியில் ஒரு பிடியைக் கடதாசியில் சுற்றி வையுங்கள். தலைத்தோலில் புண் இருந்தால் ஆஸ்பத்திரியில் தோல் மருத்துவரிடம் காட்டி, அந்தத் துண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். சிறு தொகைப் பிணக்கு என்றால் மத்தியஸ்த சபைக்கும் போகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. என்ன மருந்து போட்டார்கள் என்பதை அவர்களிடமே வாட்ஸப்பில் கேட்டுப் பதில் வாங்க முயற்சி செய்யுங்கள். முறைப்பாட்டுக்கு மட்டுமில்லை, அடுத்ததாக அந்தத் தலையில் என்ன போடலாம், என்ன போடக்கூடாது என்று முடிவெடுக்கவும் அந்தப் பெயர் உங்களுக்கு வேண்டும்.