கட்டியை வெட்டி எடுக்க எந்த அறுவை மருத்துவரும் போதாதா? புற்றுநோய்க்கென்று தனி நிபுணர் எதற்கு?

வெட்டுவது பெரிய விஷயமில்லை. எங்கே நிறுத்துவது என்பதுதான் விஷயம். கட்டியைச் சுற்றி நோயில்லாத திசுவும் கொஞ்சம் சேர்ந்து வரவேண்டும். குறைந்தால் நோய் மிச்சமிருக்கும், கூடினால் உறுப்பின் வேலை கெடும்.

மார்பகக் கட்டி என்றால், எடுத்த துண்டில் நிபுணர் நூல் தையல் போட்டு அனுப்புவார். பெரும்பாலும் குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் வெளிப்பக்கம். நோயியல் மருத்துவர் அதன் மேற்பரப்பில் மை பூசி, நறுக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார். மை பட்ட இடத்தில் புற்றணு தெரிந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் எடுக்கவேண்டும். எந்தப் பக்கம் என்று நூல் சொல்லிவிடும்.

நிறைய எடுத்தால்தான் நல்லது என்றும் நினைக்கவேண்டாம். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் வகுத்த முறையில் மார்பகத்தோடு நெஞ்சுத் தசை, அக்குள் நிணநீர்க் கணுக்கள் எல்லாம் போய்விடும். பல பத்தாண்டுகள் அதுவே வழக்கம். பிறகு இன்னொரு அமெரிக்க அறுவை மருத்துவரான பெர்னார்ட் ஃபிஷர் குழுவின் ஆய்வு 1985-இல் வெளியானது: ஆரம்பநிலை நோயில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு குறைவதில்லை.

அப்புறம், புற்றுநோய் அறுவை நிபுணர் தனியாக முடிவெடுப்பதும் அரிது. கீமோ, கதிர்வீச்சு நிபுணர்களோடு உட்கார்ந்து பேசி, முதலில் மருந்தால் கட்டியைச் சுருக்கலாமா, அறுவையே வேண்டாமா என்றுகூடத் தீர்மானிப்பார்கள். கத்தியை எடுக்காமல் இருப்பதும் இந்த வேலையில் அடக்கம். கற்றுக்கொள்ளக் கடினமானது அதுதான் என்பேன்.

படிப்பா? பொது அறுவை சிகிச்சைப் பயிற்சி முடித்து, அதற்குமேல் இன்னும் சில ஆண்டுகள்.