பழைய சுரங்க நிலத்தை ஊர் வாங்கிக்கொள்ளலாமா?

கேள்வி: எங்கள் ஊர் எல்லையில் ஈயமும் துத்தநாகமும் வெட்டியெடுத்த சுரங்கம் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. நிலத்தை ஊருக்கே தந்துவிட உரிமையாளர் முன்வந்திருக்கிறார். மண்ணில் ஈயம் சராசரியாகக் கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்கிறது அவர் கொடுத்த ஆய்வறிக்கை. விளையாட்டுத் திடல், காய்கறித் தோட்டம், சூரிய மின்தகடுகள் என்று ஊரில் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். எதற்குச் சம்மதிக்கலாம்?

பதில்: அந்த ஒரு சராசரியை நம்பி மூன்றில் எதற்கும் சம்மதிக்க வேண்டாம். கழிவுக் குவியலின் அடிவாரத்தில் சில ஆயிரமும் மேட்டு நிலத்தில் 50-உம் இருந்தாலும் சராசரி 300 என்று வந்துவிடும். குழந்தை விளையாடப்போவது சராசரியின் மீதல்ல, ஏதோ ஓர் இடத்தில். பாதுகாப்பான அளவு என்பதும் நிலையானதன்று. குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ஜனவரியில் 400-இலிருந்து 200-ஆகக் குறைத்தது. ஆகவே உங்கள் நாட்டுச் சட்டம் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியே என்ன வரம்பு வைத்திருக்கிறது என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

மண்ணில் எவ்வளவு நச்சு இருக்கிறது என்பதைவிட, அது எந்த வழியாக யார் உடலுக்குள் போகும் என்பதே முக்கியம். ஈயம் பெரும்பாலும் தூசியாகக் கையில் ஒட்டி வாய்க்குள் போகிறது. இத்தகைய தாதுக்களோடு வரக்கூடிய நச்சு உலோகமான காட்மியத்தைக் கீரை வகைகள் வேர் வழியே உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்கின்றன. இன்னொரு நச்சுப் பொருளான ஆர்சனிக்கைப் பொறுத்தவரை கிணற்று நீரை மறக்கக் கூடாது. எனவே ஆய்வகத்திடம் மண்ணை எந்தச் சல்லடையில் சலித்தார்கள் என்று கேளுங்கள். கையில் ஒட்டுவது நுண்துகள்தான் என்பதால், ஈயத்துக்கு 150 மைக்ரோமீட்டருக்கும் குறைவான துகளைச் சோதிப்பதே பொருத்தம். இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த மண்ணில் பருமணலும் கலந்திருப்பதால் எண் குறைவாகத் தெரியக்கூடும். வெவ்வேறு இடங்களின் மண்ணை ஒன்றாகக் கலந்து சோதித்தார்களா என்பதையும் கேளுங்கள். கழிவுக் குவியல், தாதுவை அரைத்த ஆலை இருந்த இடம், வண்டிப்பாதை, ஓடைக்கரை ஆகியவற்றுக்குத் தனித்தனி மாதிரிகள் வேண்டும். மேல்மண்ணும் ஆழ்மண்ணும் கலக்கக் கூடாது.

நிலம் தாங்குமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஈய-துத்தநாகச் சுரங்கங்களைச் சுற்றி வளர்ந்த பிச்சர் என்ற ஊரில் மண் நஞ்சானதோடு, வீடுகள் பலவும் சரிந்து விழும் ஆபத்தில் இருப்பதாக 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. மக்கள் வெளியேற, ஊரே கலைக்கப்பட்டது. பழைய சுரங்க வரைபடங்களைத் தேடி எடுங்கள். அவற்றில் இல்லாத குழிகளை அங்கே வேலை பார்த்த முதியவர்கள் சொல்வார்கள். என் அனுபவத்தில் இதுவே மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் ஆய்வு, ஆனாலும் கடைசியில்தான் செய்கிறார்கள்.

நீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பைரைட் என்னும் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமாகிறது. பாக்டீரியாக்கள் அதை மேலும் விரைவுபடுத்துகின்றன. அமிலம் பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. ஓடைக் கற்களில் செம்மஞ்சள் படிவு தெரிந்தால் இதையே முதலில் சந்தேகியுங்கள். இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் சுரங்கத்தில் 1991-இல் நீரிறைப்பதை நிறுத்தினார்கள். மறு ஆண்டு ஜனவரியில் அமில நீர் உடைத்துக்கொண்டு ஆற்றில் கலந்தது. ஆகவே கோடையில் ஒரு முறை, பெருமழைக்குப் பின் ஒரு முறை என்று கிணறுகளையும் ஓடையையும் சோதியுங்கள். ஒரே நாளில் எடுத்த நீர் மாதிரியை நான் ஏற்பதில்லை.

சீர்திருத்தம் என்று வருகிறவர்கள் சுண்ணாம்பைச் சொல்வார்கள். அமிலம் தணியும், ஈயமும் காட்மியமும் கட்டுப்படும் என்பது உண்மைதான். ஆனால் அதே சுண்ணாம்பு ஆர்சனிக்கை மண்ணிலிருந்து விடுபட்டு நீரில் கலக்கச் செய்யக்கூடும். ஈயத்தை அடக்கப் போடும் பாஸ்பேட்டும் அப்படியே. ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்திருக்கும் மண்ணில் சிறு பாத்தியில் சோதித்துப் பார்க்காமல் பரப்பக் கூடாது. நச்சை உறிஞ்சும் செடிகளை நட்டு நிலத்தைச் சுத்தமாக்கப் பல பத்தாண்டுகள் பிடிக்கலாம். மண் அரிப்பைத் தடுக்கவே செடிகள் உடனடியாக உதவும்.

இருக்கும் தகவலை வைத்துச் சொன்னால், மூன்றில் எனக்கு உடன்பாடானது சூரிய மின்தகடுதான். குவியலைக் களிமண்ணால் மூடி, மூடாக்கைத் துளைக்கும் தூண்கள் இல்லாமல் கான்கிரீட் கட்டைகளின் மீது தகடுகளை நிறுத்த வேண்டும். தோட்டம் வேண்டுமென்றால், அடியில் தடுப்புத் துணி விரித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில் உயர்த்திய பாத்திகள் மட்டும். விளையாட்டுத் திடலை அங்கே வைக்காதீர்கள்.

கையெழுத்திடும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். பல நாடுகளில் நிலத்தோடு மாசின் பொறுப்பும் புது உரிமையாளரிடம் வந்துவிடுகிறது. மூடாக்கில் விரிசல் விழுந்தால் சரிசெய்வது யார், நீரை ஆண்டுதோறும் சோதிக்கும் செலவு யாருடையது, அதற்கான பணம் எங்கே வைக்கப்படுகிறது என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதப்படாதவரை, நிலத்தை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.