வரப்புத் தகராறும் பன்னிரு சார்பும்

கேள்வி: மணிமேகலையின் கடைசிக் காதையில் பன்னிரு சார்பைப் படித்தேன், துன்பம் ஒன்றைச் சார்ந்து ஒன்றாக எப்படி வருகிறது என்று பன்னிரண்டு படியாகச் சொல்லும் பௌத்தக் கோட்பாடு. பேதைமையில் (அறியாமையில்) தொடங்கி வினைப்பயன் வரை ஒன்றைப் பிடித்து ஒன்று வருகிறது. அப்படியென்றால் எல்லாமே விதிதானா? பங்காளியோடு எங்களுக்கு இரண்டு தலைமுறையாக வரப்புத் தகராறு. அதனால் கேட்கிறேன்.
ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: விதி இல்லை, அம்மா. வகுப்பில் இந்தக் காதையை நடத்தும்போது பிள்ளைகளும் இதையேதான் கேட்பார்கள். 'பேதைமை சார்வாச் செய்கையாகும்', அதாவது பேதைமையைச் சார்ந்து செய்கை வரும் என்பது, மணிமேகலைக்கு அறம் சொல்லும் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொன்னதில் பாதி. 'பேதைமை மீளச் செய்கை மீளும்', பேதைமை நீங்கினால் செய்கையும் நீங்கும் என்று மறுபாதியையும் அவரே சொல்கிறார். விதி என்றால் மீள வழியேது?

சாலிஸ்தம்ப சூத்திரம் என்று ஒரு மகாயான பௌத்த நூல். நெற்பயிரைப் பார்த்துப் புத்தர் சொன்னதை போதிசத்துவரான மைத்திரேயர், புத்தரின் சீடர் சாரிபுத்திரருக்கு அதில் விளக்குகிறார். விதையிலிருந்து முளை, முளையிலிருந்து இலை. ஆனால் விதை மட்டும் போதாது. மண், நீர், சூடு, காற்று, வெளி, பருவம் எல்லாம் கூட வேண்டும். 'முளையை நான் உண்டாக்குகிறேன்' என்று விதை நினைப்பதுமில்லை. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராவிட்டால், முளைகட்டிய விதை கோணிக்குள்ளேயே வீணாகிவிடும். ஒரு சார்பு இல்லாவிட்டால் அடுத்தது வராது, அதனால்தான் இது விதி இல்லை.

சரி, உங்கள் வரப்புக்கு வருவோம். காலையில் வயலுக்குப் போகிறீர்கள். பங்காளி மண்வெட்டியால் ஒரு சாண் சீவியிருக்கிறார். வெட்டுப்பட்ட மண் இன்னும் ஈரமாகத் தெரிகிறது. பன்னிரண்டில் நடுவிலிருக்கும் படிகளை இதில் பார்க்கலாம். கண் என்பது வாயில். அதில் அந்தக் காட்சி படுவது ஊறு. நெஞ்சு எரிகிறதே, அது நுகர்வு. இதுவரைக்கும் யாருக்கும் தப்பாது. அப்புறம் 'அவனைச் சும்மா விடக்கூடாது' என்று எழுவது வேட்கை. 'இது என் அப்பா போட்ட வரப்பு' என்று இறுகுவது பற்று. அங்கிருந்து கோர்ட்டு வரை அதுவே இழுத்துக்கொண்டு போய்விடும்.

நுகர்வு வேட்கையாக மாறுகிற அந்த இடத்தில்தான் கவனமாக இருக்கச் சொல்கிறார்கள் பௌத்த ஆசிரியர்கள் பலரும். நெஞ்சு எரியும்போது 'எரிகிறது' என்று தெரிந்துகொண்டு கொஞ்சம் நின்றால் போதும், வேட்கை கிளம்பியே தீர வேண்டும் என்பதில்லை.

இதற்காக நிலத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. சர்வேயரை வரவழைத்து அளந்து கல் போட்டுக்கொள்ளுங்கள். பங்காளி மண்வெட்டியை எடுத்ததற்கும் ஏதோ ஒரு சார்பு இருக்கும். அவர் பக்கத்து வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதா என்றும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.